இரு வாக்குமூலங்களுக்கிடையில்: சிமோன் சினியோரேயின் வாழ்வும் நடிப்பும்

1954ஆம் ஆண்டின் இறுதியிற் பாரிஸ் நகரின் சாரா பேர்ணார் அரங்கில் ஆர்தர் மில்லரின் நாடகமொன்று பிரெஞ்சு மொழியில் மேடையேறியது. பதினேழாம் நூற்றாண்டின் அமெரிக்கக் குடியேற்றமொன்றிலே, சூனியம் செய்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட விவசாயி ஒருவன், பொய் வாக்குமூலத்திற் கையொப்பமிட்டு உயிர் பிழைப்பதிலும் தூக்குமேடை ஏறுவதே மேல் எனத் தீர்மானிப்பதை அந்நாடகம் காட்டுவது. அவ்விவசாயியாக இவ் மொந்தானும் அவன் மனைவி எலிசபெத்தாகச் சிமோன் சினியோரேயும் நடித்தனர். மேடைக்கு வெளியிலும் அவர்கள் கணவன் மனைவியரே. 1970இல் இதே தம்பதியர் 'வாக்குமூலம்' என்னும் திரைப்படத்தில் மீண்டும் கணவன் மனைவியராகத் தோன்றினர். இம்முறை பொய்க்குற்றம் சாட்டப்படுபவன் செக்கோஸ்லவாக்கியாவின் பிரதி வெளிநாட்டமைச்சன். குற்றஞ்சாட்டுவது, அவன் தன் வாழ்நாளை அர்ப்பணித்த அதே கட்சி. அவன் கையொப்பமிட்டு விடுகிறான்.

இவ்விரு படைப்புகளுக்குமிடையே பதினைந்து ஆண்டுகள் கிடக்கின்றன. ஐரோப்பிய இடதுசாரிக் கலைஞர்களின் ஒரு தலைமுறை நடந்து கடந்த தூரம் அது. சினியோரேயின் வாழ்வைத் தனிமனித வரலாறாக மாத்திரம் எழுதிவிட்டால் அத்தூரம் புலப்படாது போகும். நட்சத்திர நடிகையரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவர்தம் திருமணங்களையும் பரிசுகளையும் எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. மறுபுறத்தில், திரைப்படத்தைச் சமுதாய நோக்கில் ஆராய்பவர்கள் நெறியாளரையும் கதையாசிரியரையும் பேசுவரேயன்றி நடிப்பவரைப் பேசுவதில்லை. நடிப்பு உழைப்பாகும். அவ்வுழைப்பு எத்தகைய உற்பத்தி உறவுகளுள் நிகழ்கின்றது, அவ்வுறவுகளை மீறி அது எதைச் சொல்ல முயல்கின்றது என்று வினவுவதற்குச் சினியோரே மிகப் பொருத்தமானவர்.

சிமோன் கமின்கர் என்பதே அவரது பிறப்புப் பெயர். 1921 மார்ச் 25இல் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரிற் பிறந்தார். முதலாம் உலகப்போரின் பின் றைன் பிரதேசத்தை ஆக்கிரமித்திருந்த பிரெஞ்சுப் படையில் அவருடைய தந்தை அந்திரே கமின்கர் அப்போது கடமையாற்றினார். தந்தை போலந்து யூத மரபினர், தாய் கத்தோலிக்கர். பாரிசை அடுத்த நெயி என்னும் வசதி படைத்தோர் வாழும் பகுதியிற் பிள்ளைகள் வளர்ந்தனர். தந்தை சர்வதேச மாநாடுகளில் மொழிபெயர்ப்பாளராகப் பெயர் பெற்றவர். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் அவர் இலண்டனுக்குச் சென்று டி கோலுடன் இணைந்தார். தாயையும் இரு இளைய சகோதரரையும் காக்கும் பொறுப்பு பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் வீழ்ந்தது.

அப்பொறுப்பை நிறைவேற்ற அவர் ஏற்ற முதல் வேலை பின்னாளில் அவரைச் சங்கடப்படுத்துவதாகவே அமைந்தது. பாடசாலைத் தோழியாகிய நடிகை கொரின் லூஷேரின் தந்தை ஜோன் லூஷேர், ஜேர்மன் ஆக்கிரமிப்பாளருக்கு ஆதரவான 'புதிய காலம்' என்ற நாளேட்டை நடத்தினார். அங்குச் சிமோன் செயலாளராகச் சில மாதங்கள் பணிபுரிந்தார். தந்தை இலண்டனில் டி கோலின் பக்கம் நிற்க, மகள் ஒத்துழைப்பாளரின் பத்திரிகைச் சம்பளத்தில் வீட்டைக் கொண்டு நடத்தினார். 1941இல் அவ்வேலையைத் துறந்தார். லூஷேருக்குப் போரின் பின் 1946இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. 1976இல் வெளியான தம் நினைவுநூலில் சினியோரே இந்த அத்தியாயத்தை மூடிமறைக்கவில்லை. தம்மைத் தூய்மையானவராகக் காட்டிக்கொள்ளும் நினைவுநூல்கள் மலிந்த ஒரு நாட்டில் இது குறிப்பிடத்தக்கது.

பணியை விட்டு வெளியேறிய அவர் சென்றடைந்த இடம் சாங் ஜெர்மேன் பகுதியிலிருந்த 'கபே டி புளோர்' என்னும் தேநீரகம். எழுத்தாளர், ஓவியர், வேலையற்ற நடிகர், நாடு கடந்து வந்த அகதிகள், பொதுவுடைமையாளர், திரொட்ஸ்கியவாதிகள் எனப் பலதரப்பட்டோரும் கூடிய இடம் அது. தாம் உண்மையிற் பிறந்தது அங்கேதான் எனப் பிற்காலத்திற் கூறுவார். திரைப்படத்தில் நுழைய விரும்பினார். ஆனால் யூதத் தந்தையின் மகளென்பதால் தொழில் அனுமதி அட்டை கிடைக்கவில்லை. எனவே தாயின் குடும்பப்பெயராகிய சினியோரே என்பதைச் சூடிக்கொண்டு, பெயர் குறிப்பிடப்படாத துணைப்பாத்திரங்களிற் கூட்டத்தில் ஒருவராய் நின்றார். மார்செல் கார்னேயின் 'மாலை விருந்தினர்' (1942) படத்திலும் அவ்வாறு நின்றவர்களுள் அவரும் ஒருவர். தந்தையின் பெயரை மறைத்தாலன்றிப் பிழைக்க முடியாதென்ற நிலையிலே அவருடைய கலைவாழ்வு தொடங்கிற்று என்பதை மனங்கொள்ளல் வேண்டும். இறுதியில் அவர் அப்பெயரை நோக்கியே திரும்பினார்.

போரின் பின் நெறியாளர் இவ் அலெக்ரேயுடன் வாழ்க்கையும் தொழிலும் இணைந்தன. 1946இல் மகள் கத்தரீன் பிறந்தாள். 'அன்ற்வேர்ப்பின் தெதே' (1948) அவருக்குப் புகழ் தந்தது. துறைமுகத்துப் பாலியல் தொழிலாளி ஒருத்தியின் கதை அது. மக்ஸ் ஒபுல்சின் 'லா றொண்ட்' (1950) படத்தில் முதலில் வருபவளும் அத்தகைய பெண்ணே. விலைக்கு வாங்கப்படும் பெண் என்ற பாத்திரத்தை முதலாளித்துவத் திரைப்படம் ஏன் இவ்வளவு விரும்புகின்றது என்பது தனியே ஆராயப்பட வேண்டியது. அழகும் அனுதாபமும் ஒருங்கே விற்பனையாகும் பாத்திரம் அது என்பது மட்டும் தெளிவு. சினியோரே இப்பாத்திரங்களை மறுக்கவில்லை. மறுக்கும் நிலையிலும் அவர் இருக்கவில்லை. ஆயின் அவற்றினுள் ஒன்றைச் சேர்த்தார். அவர் நடித்த பெண்களிடம் வேலை செய்து களைத்தவர்களின் நடையும் நோக்கும் காணப்பட்டன. அவர்களுக்குத் தங்கள் தொழில் துயரக்காவியமன்று. வாடகை கட்டுவதற்கான வழி.

இத்தன்மை முழுமை பெற்றது ஜாக் பெக்கரின் 'கஸ்க் டோர்' (1952) படத்தில். 'பொன்முடி' எனப் பொருள் கூறலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசின் கிழக்கேயுள்ள பெல்வில் தொழிலாளர் பகுதியின் கள்வர் குழுக்களிடையே உண்மையில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைத் தழுவியது இது. கள்வர் கூட்டத்தின் பெண்ணான மரி, தச்சுவேலை செய்யும் மந்தாவைக் காதலிக்கிறாள். அவனை முதன்முதலில் நோக்கும் காட்சியில் அவளிடம் நாணம் கிடையாது. தான் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் ஒருத்தியின் பார்வை அது. இறுதிக் காட்சியில், தன் காதலனின் தலை வெட்டப்படுவதை விடியற்பொழுதில் எதிர்வீட்டுச் சாளரத்திலிருந்து அவள் பார்க்கிறாள். சினியோரே அழவில்லை, அலறவில்லை. கத்தி இறங்கியதும் தலை மாத்திரம் கவிழ்கிறது. நீதி என்ற பெயரில் அரசு நிகழ்த்தும் கொலையை இதைவிடக் கடுமையாகக் கண்டிக்கும் காட்சியைப் பிரெஞ்சுத் திரையில் இக்கட்டுரையாசிரியர் கண்டதில்லை. படம் பாரிசில் தோல்வியுற்றது; இலண்டனில் வரவேற்புப் பெற்று, பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் சிறந்த பிறநாட்டு நடிகைக்கான பரிசையும் அவருக்கு ஈட்டித்தந்தது. இன்று பெக்கரின் தலைசிறந்த ஆக்கமாகப் பலர் அதனையே கொள்வர்.

1949 ஓகஸ்டில் தென்பிரான்சின் சாங் போல் கிராமத்திற் பாடகர் இவ் மொந்தானைச் சந்தித்தார். 1951 டிசெம்பரில் இருவரும் மணம் புரிந்தனர். மொந்தானின் இயற்பெயர் இவோ லிவி. முசோலினியின் ஆட்சிக்குத் தப்பி மார்செய் நகருக்கு வந்த இத்தாலியப் பொதுவுடைமைக் குடும்பத்திற் பிறந்து, சிறுவயதிலேயே தொழிற்சாலைக்குச் சென்றவர். நடுத்தர வர்க்கத்து அறிவாளர் வீட்டுப் பெண்ணுக்குத் தொழிலாளி வர்க்கத்தின் வாழ்வு, மேசையில் எதிரே அமர்ந்து உண்ணும் மனிதனின் வடிவில் வந்தது. இருவருமே கட்சி உறுப்பினராகவில்லை. ஆயினும் 1950இல் அணுகுண்டுக்கு எதிரான ஸ்டொக்ஹோம் வேண்டுகோளிற் கையொப்பமிட்டனர். அதன் விளைவாக ஐக்கிய அமெரிக்காவின் கதவுகள் அவர்களுக்கு நீண்ட காலம் மூடியிருந்தன. கட்சிக்குள் நுழையாது கட்சியோடு நடந்த இத்தகையோரைச் 'சகபயணிகள்' என்பர். சகபயணி கட்சியின் கட்டுப்பாட்டை ஏற்றவரல்லர். ஆனால் கட்சியின் தவறுகளுக்கான கேள்வி அவரிடமும் கேட்கப்படுகின்றது.

அக்கேள்வியின் கூர்மையை உணர மூன்று திகதிகளை அடுத்தடுத்து நோக்குதல் போதும். 1952 நவம்பரில் பிராக் நகரிலே செக்கோஸ்லவாக்கியக் கட்சியின் பொதுச்செயலாளராயிருந்த ருடோல்ப் ஸ்லான்ஸ்கி உட்படப் பதினான்கு பேர் விசாரிக்கப்பட்டனர். பதினொருவர் டிசெம்பர் 3இல் தூக்கிலிடப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட பதினான்கு பேரிற் பதினொருவர் யூத மரபினர். 1953 ஜனவரி 22இல் மில்லரின் நாடகம் நியூயோர்க்கில் அரங்கேறிற்று. 1953 ஜூன் 19இல் சோவியத்துக்கு அணு இரகசியங்களை வழங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ரோசன்பேர்க் தம்பதியர் அமெரிக்காவில் மின்னாற்காலியிற் கொல்லப்பட்டனர். மூன்றும் ஏழு மாதங்களுள் நிகழ்ந்தவை. ரோசன்பேர்க் தம்பதியருக்காகப் பாரிஸ் தெருக்கள் நிரம்பின. பிராக்கில் தூக்கிலிடப்பட்டவர்களுக்காக இடதுசாரிகளின் பெரும்பகுதி வாய் திறக்கவில்லை. சினியோரேயும் திறக்கவில்லை.

பாரிஸ் மேடையில் எலிசபெத்தாக அவர் நின்றபோது பார்வையாளர் ரோசன்பேர்க் தம்பதியரையே நினைந்தனர். அது நியாயமே. அந்நாடகத்தை எழுதிய மில்லருக்கு, அதன் பெல்ஜிய அரங்கேற்றத்தைக் காணச் செல்வதற்கான கடவுச்சீட்டையே அமெரிக்க அரசு மறுத்திருந்தது. ரேமொன்ட் ருலோ நெறிப்படுத்திய நாடகம் நீண்டநாள் ஓடியது. பின்னர் ஜோன் போல் சார்த்தரின் திரைநாடகத்துடன், கிழக்கு ஜேர்மன் திரைப்பட நிறுவனத்தின் கூட்டுத் தயாரிப்பாக 1957இல் 'சேலம் சூனியக்காரிகள்' என்ற பெயரில் திரைக்கும் வந்தது. செல்வர்க்கும் வறிய விவசாயிகளுக்கும் இடையிலான முரண்பாட்டைச் சார்த்தர் மிகைப்படுத்தியதை மில்லர் பின்னாளிற் குறைகூறினார். வர்க்க முரண்பாட்டைக் காட்டியதில் தவறில்லை. ஆனால் அது பாத்திரங்களுக்குள்ளிருந்து எழாது, மேலிருந்து போர்த்தப்பட்டதாகவே தோன்றுகின்றது என்ற அளவில் மில்லரின் குறையை ஏற்கலாம். நடிப்பைப் பொறுத்தவரை எலிசபெத்தே படத்தைத் தாங்குகிறாள். தன் வாழ்நாளில் ஒருபோதும் பொய் சொல்லாத அப்பெண், கணவனின் மானத்தைக் காக்க நீதிமன்றத்தில் ஒரேயொரு பொய் சொல்கிறாள். அப்பொய்யே அவனை அழித்துவிடுகிறது. அன்பு ஒரு முறை உண்மைக்கு எதிராக நிற்கும் அக்கணத்தைச் சினியோரே மிகக் குறைந்த அசைவுகளால் உணர்த்தினார்.

இப்படத்தின் படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1956 நவம்பரில், சோவியத் தாங்கிகள் புடாபெஸ்ட் நகருள் நுழைந்தன. மொந்தான் ஏலவே சோவியத் ஒன்றியத்திற் பாடுவதற்கு ஒப்பந்தம் செய்திருந்தார். போனால் துரோகி என்றது ஒரு பக்கம். போகாவிட்டால் துரோகி என்றது மறுபக்கம். டிசெம்பரில் இருவரும் சென்றனர். மொஸ்கோவில் ஒரு நிகழ்ச்சியின் பின் குருஷேவ், மொலொத்தோவ், மிக்கோயான், மலென்கோவ், புல்கானின் ஆகியோர் அவர்களை இராவுணவுக்கு அழைத்தனர். அம்மேசையில் ஹங்கேரியைப் பற்றி நேருக்குநேர் கேள்வி கேட்டனர் என்பது சினியோரேயின் நினைவுநூலில் விரிவாக இடம்பெற்றுள்ளது. வல்லரசின் தலைவர்கள் ஐவரிடம் ஒரு பாடகனும் ஒரு நடிகையும் விளக்கம் கேட்டதைப் பெரிய வீரச்செயலாகக் காட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு அதனால் எவ்வித ஆபத்தும் நேரவில்லை. ஆயினும் கேட்கவேண்டிய இடத்திற் கேட்டனர். அதைத் தொடர்ந்து வார்சோ, பிராக், புடாபெஸ்ட் எனக் கிழக்கு ஐரோப்பாவெங்கும் பயணம் நீண்டது. திரும்பி வந்தவர்கள் புறப்பட்டவர்களல்லர்.

இக்காலப்பகுதியிலேயே உலகப் புகழ் வந்தது. ஜோன் பிறேனின் நாவலைத் தழுவி ஜாக் கிளேற்றன் நெறிப்படுத்திய 'மேல்தளத்தில் இடம்' (1959) என்ற பிரித்தானியப் படத்தில் அலிஸ் என்னும் பாத்திரத்தை ஏற்றார். வட இங்கிலாந்தின் ஆலை நகரொன்றிலே, தொழிலாளர் குடும்பத்து இளைஞன் ஒருவன் ஆலை முதலாளியின் மகளை மணந்து வர்க்க ஏணியில் ஏற முனைகிறான். அதற்காக, தன்னை உண்மையாக நேசித்த, தன்னைவிட வயது மூத்த மணமான பெண்ணைக் கைவிடுகிறான். அவள் விபத்தொன்றில் இறக்கிறாள். நாவலில் ஆங்கிலேயப் பெண்ணாயிருந்த அலிஸ் சினியோரேக்காகப் பிரெஞ்சுப் பெண்ணாக மாற்றப்பட்டாள். இம்மாற்றம் கதைக்கு வலுச்சேர்த்தது. அந்நகரின் வர்க்கக் கணக்குகளுக்கு வெளியே நிற்கும் ஒருத்தியின் கண்களினூடாக அக்கணக்குகளின் அற்பத்தனம் வெளிப்பட்டது. ஏறிச்செல்பவன் எதை மிதித்து ஏறுகிறான் என்ற கேள்விக்கு அப்படம் அவர் முகத்தையே விடையாகக் காட்டுகிறது. கான் விழாவிலும் பிரித்தானியாவிலும் பரிசுகள் கிடைத்தன. 1960 ஏப்ரிலில் ஒஸ்காரும் கிடைத்தது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் பத்தாண்டுகளாக உள்ளே விடாது வைத்திருந்த பெண்ணுக்கு ஹொலிவூட் தன் உயர்ந்த விருதை வழங்கிற்று. அதே ஆண்டில் மொந்தானுக்கும் மர்லின் மன்றோவுக்கும் இடையே ஏற்பட்ட உறவைப் பத்திரிகைகள் விற்றுத் தீர்த்தன. அதுபற்றி இங்கு எழுத எதுவுமில்லை.

அவ்விருதை ஏற்று ஐந்து மாதங்களே கழிந்த நிலையில், அல்ஜீரியப் போரிற் பங்குகொள்ள மறுக்கும் படையினரின் உரிமையை ஆதரித்து 121 பேர் விடுத்த அறிக்கையிற் சினியோரேயும் கையொப்பமிட்டார். கையொப்பமிட்டோருக்கு அரச வானொலி, தொலைக்காட்சி, அரச உதவிபெறும் அரங்குகள் ஆகியவற்றின் வாயில்களை பிரெஞ்சு அரசு அடைத்தது. பிரெஞ்சுக் கட்சியின் தலைமை அவ்வறிக்கையை ஆதரிக்கவில்லை என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். எனவே இது சகபயணியின் கையொப்பமன்று. அவருடைய சொந்தக் கையொப்பம்.

அறுபதுகளில் அவர் நடித்த அமெரிக்க, பிரித்தானியப் படங்களுட் பல விரிவாகப் பேசத்தக்கவையல்ல. ஸ்டான்லி கிராமரின் 'மூடர் கப்பல்' (1965) ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்றதாயினும், அதன் வரலாற்றுணர்வு மேலோட்டமானது. 1966இல் இலண்டன் றோயல் கோர்ட் அரங்கில் அலெக் கினஸ்சுடன் மக்பெத் சீமாட்டியாக நடித்தது படுதோல்வி. ஷேக்ஸ்பியரின் ஆங்கிலம் அவர் நாவுக்கு வசப்படவில்லை. அவரே அதை ஒப்புக்கொண்டார்.

ஜோன் பியர் மெல்வில்லின் 'நிழல்களின் படை' (1969) அவரை மீண்டும் ஆக்கிரமிப்புக் காலத்துக்கு இட்டுச் சென்றது. எதிர்ப்பியக்கத்தின் இரகசியக் குழுவொன்றில் மத்தில்த் என்னும் குடும்பப்பெண் மிகத் திறமையான உறுப்பினர். அவளுடைய ஒரே பிழை, மகளின் நிழற்படத்தைப் பணப்பையில் வைத்திருந்தது. அதைக் கொண்டு ஜேர்மானியர் அவளை மிரட்டுகின்றனர். அவள் தோழர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடுமென அஞ்சிய குழு, அவள் காப்பாற்றிய தோழர்களின் கையாலேயே அவளைத் தெருவிற் சுட்டுக்கொல்கிறது. சுடப்படுமுன் காரை நோக்கி அவள் நிற்கும் நிலையிற் கண்கள் மாத்திரமே நடிக்கின்றன. அக்கண்களில் வியப்பும் உண்டு, உடன்பாடும் உண்டு என்றே தோன்றுகின்றது. மே 1968க்குப் பின் வெளிவந்தமையால் டி கோலைப் போற்றும் படமென அன்றைய இளைய விமர்சகர் அதைத் தள்ளினர். அரை நூற்றாண்டு கழிந்த இன்று அவ்விமர்சனம் மங்கிவிட்டது.

அடுத்து வந்தது 'வாக்குமூலம்'. ஸ்பானிய உள்நாட்டுப் போரிலும் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்திலும் பங்குபற்றி, நாசிகளின் மௌதௌசன் முகாமில் உயிர் தப்பியவர் ஆர்தூர் லொண்டன். ஸ்லான்ஸ்கி வழக்கிற் சிக்கிய பதினால்வருள் மரணதண்டனைக்குத் தப்பி ஆயுட்தண்டனை பெற்ற மூவரில் ஒருவர். அவருடைய நூலைத் தழுவி ஜோர்ஜ் செம்புருன் திரைநாடகம் எழுத, கொஸ்தா கவ்ராஸ் நெறிப்படுத்தினார். லொண்டனாக மொந்தான் தம் உடலை மெலித்து நடித்தமையே பெரிதும் பேசப்பட்டது. ஆயின் படத்தின் மிகக் கொடூரமான கணம் சிறையில் நிகழ்வதன்று. தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட மனைவி லீஸ், கணவன் தன்னைத் துரோகியென ஒப்புக்கொள்வதை வானொலியிற் கேட்கிறாள். கேட்டதை நம்புகிறாள். கணவனைக் கண்டித்து ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதுகிறாள். உண்மையான லீஸ் லொண்டனும் அவ்வாறே எழுதியவர். பின்னர் கணவனைச் சிறையிற் சந்தித்து உண்மையை உணர்ந்து, அவருடைய விடுதலைக்காகப் பாடுபட்டவரும் அவரே.

எலிசபெத்தையும் லீசையும் அருகருகே நிறுத்தினால் சினியோரேயின் வாழ்வு எத்தகைய வளைவுகொண்டது என்பது தெரியவரும். முதலாமவள் கணவனுக்காகப் பொய் சொல்கிறாள். இரண்டாமவள் கட்சிக்காக 'உண்மை' சொல்கிறாள். முதலாமவளைக் கண்டு கண்ணீர் விடுவது எளிது. ஒடுக்குபவன் எதிர்முகாமில் நிற்கிறான். லீசைக் கண்டு கண்ணீர் விட முடியாது. அவள் கெட்டவளல்லள், கோழையல்லள். தான் நம்பியவற்றுக்கு நேர்மையாயிருந்தவள். அந்நேர்மையே குற்றத்துக்குத் துணைபோயிற்று. 1952இல் மௌனமாயிருந்த சினியோரே, அந்த மௌனத்தின் உருவத்தைத் தாமே ஏற்று நடித்தார். லீசை அவர் கேலிப்பொருளாக்கவில்லை. அவளுக்காக மன்னிப்பும் கோரவில்லை. கடிதம் எழுதும் கையின் உறுதி மட்டும் காட்டப்படுகிறது.

படம் வெளியானபோது, அது சோசலிசத்தின் எதிரிகளுக்கு ஆயுதம் தருகிறது என்ற கண்டனம் பிரெஞ்சுக் கட்சியிலிருந்து எழுந்தது. லொண்டன் தம்பதியரோ தம்மை அப்போதும் பொதுவுடைமையாளராகவே கருதினர். எதிரிக்கு உதவுமெனின் உண்மையை ஒத்திவைக்கலாம் என்ற இவ்வாதம் மார்க்சிய விமர்சகரிடையே புதியதன்று. இக்கட்டுரையாசிரியரும் கருத்தரங்குகளில் அதைப் பயன்படுத்தியதுண்டு. ஆனால் எதிரிக்கு ஆயுதம் தந்தது 1970இன் திரைப்படமா, 1952இன் தூக்குக்கயிறா என்று கேட்டுப் பார்த்தால் அவ்வாதம் நிற்பதில்லை. சினியோரேயை 'மனம் மாறியவர்' என வலதுசாரிகள் கொண்டாடுவதும் இதே அளவுக்குப் பிழையானது. அவர் தம் எலிசபெத்தைக் கைவிடவில்லை. பொய் வாக்குமூலத்தை எவன் கேட்டாலும் அது பொய் என்பதே இரு படைப்புகளிலும் அவர் நிலை. இரண்டாவது முறை அதைச் சொல்வதற்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது.

எழுபதுகளிற் சினியோரே செய்த மற்றொரு காரியத்தைத் திரைத்தொழிலின் அரசியற் பொருளாதாரத்தோடு இணைத்தே நோக்க வேண்டும். அவர் முதுமையடைந்தார், அதை மறைக்கவில்லை. நடிகையின் முகம் முதலீடு. சுருக்கம் விழுந்தால் முதலீடு தேய்கிறது. எனவே சத்திரசிகிச்சையும் மென்மையாக்கும் ஒளியும் தொழிலின் ஒரு பகுதி. மொந்தானும் அவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள். மொந்தான் 1972இல் 'செசாரும் ரொசாலியும்' படத்தில் தம்மினும் பதினேழு வயது இளைய றோமி ஷ்னைடரின் காதலனாகத் தோன்றினார். முந்திய ஆண்டில் 'பூனை' (1971) படத்திற் சினியோரே, ஜோன் கபேனுக்கு மனைவியாக, ஒருவரோடொருவர் பேசாது ஒரே வீட்டில் வாழும் முதிய தம்பதியருள் ஒருவராய் நடித்தார். கணவன் ஓய்வுபெற்ற அச்சுத்தொழிலாளி. அவள் கால் முடமான முன்னாள் சர்க்கஸ் கலைஞர். அவர்களது வீட்டைச் சுற்றிலும் புறநகரின் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு உயர்மாடிகள் எழும்புகின்றன. சுவர்கள் விழும் ஓசையும் அவர் முகமும் ஒன்றையே பேசின. பேர்லின் விழாவில் இருவரும் பரிசு பெற்றனர். ஐம்பது வயதேயான அவர் அறுபதுக்கு மேற்பட்டவராய்த் தோன்றினார். மதுவும் புகையும் அதற்குக் காரணம் எனப் பலர் எழுதினர், இருக்கலாம். ஆனால் அம்முகத்தைக் கமராவின் முன் வைக்கத் துணிந்தது மதுவன்று.

மோஷே மிஸ்ராகி நெறிப்படுத்திய 'மடம் ரோசா' (1977) இப்போக்கின் உச்சம். ரோசா அவுஷ்விற்சிலிருந்து மீண்ட யூதப்பெண். முன்னர் பாலியல் தொழிலாளியாயிருந்தவள், இப்போது பெல்வில்லில் ஆறாம் மாடியில் அத்தொழிற் பெண்களின் பிள்ளைகளைக் காசுக்கு வளர்க்கிறாள். மோமோ என்னும் அராபியச் சிறுவனுக்கு அவளே தாய். படிகளில் மூச்சிரைத்து ஏறும் அவ்வுடலில், தெதேயும் மரியும் முப்பது ஆண்டுகளின் பின் அடைந்த கதியைக் காணலாம். இளமையில் அவர்களை அழகாகக் காட்டி இலாபமீட்டிய திரைப்படம், முதுமையில் அவர்கள் என்னவாயினர் எனக் காட்டியது அரிது. சினியோரேக்கு அவ்வாண்டின் சீசர் விருதும், படத்துக்குச் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்காரும் கிடைத்தன.

எண்பதுகளில் அவர் பார்வை மங்கிவந்தது. 1982 செப்டெம்பரில், இராணுவச் சட்டத்தின் கீழிருந்த போலந்துக்கு மருந்து கொண்டுசென்ற குழுவில் மெய்யியலாளர் மிஷேல் பூக்கோவுடன் சென்றார். மொந்தான் இக்காலத்திற் சந்தைப் பொருளாதாரத்தின் பேச்சாளராக மாறிவந்தார். 1984இல் பொருளாதார நெருக்கடியை மக்கள் வரவேற்க வேண்டுமெனப் போதிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றை நடத்தினார். மார்செய்த் தொழிற்சாலைச் சிறுவன் அங்கு வந்து சேர்ந்தது இக்கட்டுரையின் பொருளன்று. அதே காலத்திற் சினியோரே எழுதிக்கொண்டிருந்தது, போலந்திலிருந்தும் உக்ரேனிலிருந்தும் பாரிசுக்கு வந்த ஏழை யூதத் தையற்காரரையும் தோலாடைத் தொழிலாளரையும் பற்றிய பெருநாவல். 'விடைகொடு வொலோதியா' என்ற அந்நாவல் 1985இல் வெளியாயிற்று. பாரிசின் இருபதாம் வட்டாரத்து மார் வீதியில் வாழும் இரு குடும்பங்களின் கதை அது; 1920களில் ஆரம்பித்து ஆக்கிரமிப்பின் காலத்துக்கு வருகிறது. தையல் இயந்திரங்களும் பேரம்பேசலும் பிள்ளைகளின் பாடசாலையும் நுணுக்கமாக வருகின்றன. பாத்திரங்கள் எண்ணிக்கையில் மிகுந்து நாவல் சில இடங்களிற் தளர்கிறது. ஆயினும் 1941இல் பிழைப்புக்காக மறைத்த தந்தையின் மரபை, அறுபத்துமூன்று வயதில் மகள் தம் எழுத்தில் மீட்டெடுத்தார்.

அவ்வாண்டு ஜூலையில் மற்றொரு சர்ச்சையும் எழுந்தது. மிசாக் மனுஷியானின் தலைமையில் நாசிகளுக்கெதிராக ஆயுதமேந்திய புலம்பெயர் தொழிலாளர் குழுவின் எஞ்சியோரைப் பற்றிய, மொஸ்கோ புக்கோவின் 'ஓய்வுபெற்ற பயங்கரவாதிகள்' என்ற ஆவணப்படத்தின் விவரணைக்குக் குரல் கொடுத்தோருட் சினியோரேயும் ஒருவர். கட்சித் தலைமை அக்குழுவைக் கைவிட்டதென அப்படம் சுட்டியது. கட்சி கடுமையாக எதிர்த்தது. ஒளிபரப்பு தாமதித்து நடந்தது. பின்வந்த ஆவண ஆய்வுகள், பொலிசாரின் நீண்ட பின்தொடரலே அவர்களைச் சிக்கவைத்தது எனக் காட்டியமையால், படத்தின் குற்றச்சாட்டை இன்று அப்படியே ஏற்க முடியாது. ஆனால் பெயர் மறக்கப்பட்டிருந்த அத்தையற்காரர்கள் மீண்டும் பேசப்பட்டது அப்படத்தாலேயே. மனுஷியானின் உடல் 2024 பெப்ரவரி 21இல் பிரெஞ்சு அரசினால் பந்தியன் மண்டபத்திற் சேர்க்கப்பட்டது.

சினியோரே 1985 செப்டெம்பர் 30இல் நோர்மண்டியிலுள்ள தம் இல்லத்திற் புற்றுநோயாற் காலமானார். அவருடைய உடல் பாரிசின் பெர் லஷேஸ் இடுகாட்டில் அடக்கஞ்செய்யப்பட்டது. 1991இல் இறந்த மொந்தானும் அதே கல்லறையிலேயே வைக்கப்பட்டார். அவ்விடுகாடு இருபதாம் வட்டாரத்தில், மார் வீதியும் பெல்வில் தெருக்களும் நடந்துசெல்லும் தூரத்தில் அமைய, இருக்கிறது.